வராத பொண்ணு எங்கே? – புதுக்கோட்டைப் பக்கம் சில நாட்கள்

வியாழன், புதுக்கோட்டை

திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் காரைக்குடி போகிற வழியில் ஜன்னல் வழியாகப் பார்த்ததைத் தவிர இந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. தோழி ஒருத்தி இந்த மாவட்டத்தில் வளரிளம் பெண்களோடு வேலை பார்க்கிற சின்ன அமைப்பு ஒன்றில் இருக்கிறாள். "வந்து பாரு, ஆனா அட்வைஸ் பண்ணாத, சும்மா கூட நட" என்று நிபந்தனை போட்டுத்தான் கூப்பிட்டாள். அமைப்பின் பெயர், பெண்களின் பெயர், குக்கிராமங்களின் பெயர் எதுவும் எழுதக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. சரி என்றுவிட்டேன். பதினைந்து வயசுப் பெண்ணின் வீட்டுக் கதையை ஊர் பெயரோடு எழுதினால் அது அடுத்த வாரமே அவள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அவர்கள் வேலை செய்கிற முறை இவ்வளவுதான்: ஊருக்கு ஒரு அக்கா. வெளியூரிலிருந்து வருகிற டீச்சர் கிடையாது, அதே ஊரில் பிறந்தவர் அல்லது அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், இருபத்துச் சொச்சம் வயசு. பதினொன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்திலோ நூலகக் கட்டடத்திலோ அவரிடம் கூடுவார்கள். பாட்டு, விளையாட்டு, உடம்பைப் பற்றிய பேச்சு, பள்ளிக்கூடப் புலம்பல் எல்லாம் உண்டு.

தோழி என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். நாற்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. வந்தவர்கள் பட்டியல் இருக்கும் என்று பார்த்தால் அதில் இருந்தது வராதவர்கள் பட்டியல். தேதி, பெயர், பக்கத்தில் "ஏன்" என்று ஒரு கட்டம். "அம்மா நூறு நாள் வேலை, தம்பியப் பாக்கணும்." "தலைக்கு ஊத்தி இருக்கு." "மாமன் வீட்டுக்குப் போயிருக்கா", இதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. ஏன் இதற்கு மட்டும் சிவப்பு என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் நடக்கிறப்ப ஒரு பொண்ணு எதுக்கு மாமன் வீட்டுக்குப் போகணும்? நிச்சயம் பேசறாங்களோ என்னவோன்னு மறுநாளே போய்ப் பாக்கணும்" என்றாள்.

சாயங்காலம் மன்னர் கல்லூரிப் பக்கம் நடந்தோம். முத்துலட்சுமி ரெட்டி படித்த கல்லூரி. 1886இல் இந்த ஊரில் பிறந்தவர், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்து பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனவர் என்று நாம் எல்லோரும் பொது அறிவுப் புத்தகத்தில் படித்தாயிற்று. வயதுக்கு வந்ததும் அவரது பள்ளிப் படிப்பையும் நிறுத்திவிட்டார்கள் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அப்பா கல்லூரி முதல்வராக இருந்தும் அதுதான் நிலைமை. ஆனால் வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது, தனித் தேர்வராக எழுதித் தேறினார், அப்புறம் ஆண்கள் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது, மன்னர் உத்தரவு போட்டு உள்ளே விட்டார். அவர் மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் படிப்பு நின்றுபோன பெண்ணிடம் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாரோ இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்று பெரிதாகப் பட்டது. அந்த "யாரோ" இல்லாமல் போன மேதைகள் அந்தத் தெருவிலேயே இன்னும் எத்தனை பேரோ.

வெள்ளி, ஆதனக்கோட்டைப் பக்கம்

தஞ்சாவூர் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஆதனக்கோட்டையில் சாலையோரத்திலேயே முந்திரியை வறுத்து உடைத்து விற்கிற பெண்கள் இருப்பார்கள். இன்று நாங்கள் போன வீட்டிலும் அதே தொழில். நோட்டில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வராத பெண், பத்தாம் வகுப்பு.

முந்திரி உடைக்கிற கையை யாராவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்ட இடம் பொத்துப்போகும். வறுத்த பிறகும் அது முழுசாகப் போவதில்லை. அந்தப் பெண்ணின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருத்துத் தோல் உரிந்து கிடந்தன, மற்ற விரல்களில் சாம்பல். உடைப்பதில் மட்டும் அப்படி ஒரு நேர்த்தி. கட்டையால் ஒரே தட்டு, ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வந்துவிடும். நான் ஒன்று முயற்சி பண்ணினேன், பருப்பு நாலு துண்டு. துண்டுக்கு விலை குறைவு என்பதால் அவள் அம்மா சிரித்துக்கொண்டே கட்டையை வாங்கிக்கொண்டார்.

அந்த ஊர் அக்கா (தையல் தைக்கிறார், இரண்டு வயதில் பையன் இருக்கிறான்) வந்ததிலிருந்து படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தானும் உட்கார்ந்து உடைத்தார். மழை, ரேஷன், யாரோ வீட்டுச் சடங்கில் வந்த சீர், இப்படியே அரை மணி நேரம் போனது. எனக்கோ உள்ளுக்குள் பொறுமை போய்விட்டது, பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மாவே ஆரம்பித்தார். "அவுக அப்பாதான் வேணாங்கறாக. பஸ்ஸ விட்டு இறங்கி வீட்டுக்கு வரணும்ல, ரெண்டு பக்கமும் தைலமரக் காடு. ஸ்பெசல் கிளாஸ் முடிஞ்சு வர்றப்ப இருட்டிப்போகுது. சமைஞ்ச புள்ளைய அப்படி விட முடியுமாத்தா?"

படிப்பு வேண்டாம் என்பது அப்பாவின் நினைப்பு இல்லை, பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இருட்டுதான் அவர் பிரச்சினை. மேடையில் நின்று பெண் கல்வியின் பெருமையைப் பேசினால் இந்த இருட்டுக்கு ஒரு பல்புகூட எரியாது. அக்கா கேட்டது இரண்டே கேள்வி: அதே பஸ்ஸில் வேறு யார் யார் இறங்குகிறார்கள், பக்கத்து வீட்டு அண்ணனின் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது. அரை மணியில் ஒரு ஏற்பாடு உருவானது. மூன்று பெண்கள் சேர்ந்து வருவது, இரண்டு சைக்கிளை நிறுத்தத்துக் கடையில் விட்டுவிட்டுப் போவது, ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிற நாளில் கடைக்காரம்மா போன் பண்ணிச் சொல்வது. அப்பாவிடம் அக்காவின் வீட்டுக்காரர் பேசுவார். "ஆம்பளைகிட்ட ஆம்பளை பேசினாத்தான் எடுபடும், அதுக்கு இப்ப சண்டை போட்டா இந்தப் புள்ள பரீட்சை போயிரும்" என்றார் அக்கா. எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் பரீட்சை மார்ச்சில்.

அரசு இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. பெண்கள் நின்றுபோவதோ ஒன்பதிலும் பத்திலும்தான் அதிகம் என்று இந்த அக்காக்கள் சொல்கிறார்கள். பதினொன்று வரை தாக்குப் பிடித்தவளுக்குத்தான் சைக்கிள் என்றால் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

இத்தனைக்கும் சைக்கிளுக்கும் பெண்களுக்கும் பேர்போன மாவட்டம் இது. 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டக் கற்றார்கள், லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். பெண் சைக்கிள் ஓட்டினால் ஊரே கேலி பேசிய காலம் அது. பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் கேட்டேன், "நானுந்தான் ஓட்டுனேன், புள்ளைய பார்ல உக்கார வச்சு, ரெண்டு கொடம் தண்ணியும் தொங்க விட்டு" என்றார் சாதாரணமாக. பேத்திக்குத்தான் இன்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி தோழியின் அறையில் குழந்தைத் திருமணப் பேச்சு வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8. நாம் பரவாயில்லை என்று தோன்றும், எட்டுப் பேரில் ஒருத்தி என்று யோசித்தால் தோன்றாது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. நடத்தி வைப்பவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடக்கப் போவது தெரிந்தால் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம், தடையை மீறிக் கட்டிய தாலி சட்டப்படி செல்லவே செல்லாது. 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் பண்ணலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தோழி சொல்வது வேறு. "கல்யாணத்தன்னைக்கு ஜீப் வந்து நின்னா அது எங்களுக்குத் தோல்விதான். பண்ணமாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு, பத்து நாள் கழிச்சு வேற ஊர்க் கோயில்ல முடிச்சிருவாங்க. அந்தப் பொண்ணு அப்புறம் எங்க கண்ணுலயே படமாட்டா." அதனால்தான் அந்த நோட்டு. வராத முதல் சனிக்கிழமையிலேயே பிடித்தால் பேச இடம் இருக்கிறது, பத்திரிகை அடித்த பிறகு போலீஸ் மட்டும்தான் மிச்சம்.

சனி, கீரனூர் – நார்த்தாமலைப் பக்கம்

கல் குவாரிகளும் குன்றுகளும் நிறைந்த பகுதி. கூட்டம் ஐந்து மணிக்கு என்றார்கள், பெண்கள் நாலரைக்கே வந்துவிட்டார்கள், அக்காதான் லேட். கல்லூரியில் மூன்றாம் வருஷம், பஸ் கிடைக்கவில்லையாம்.

கூடத்துச் சுவரில் பென்சிலால் இரண்டு கோடு, பக்கத்தில் 157, 159 என்று எழுதியிருந்தது. பெண் காவலர் தேர்வுக்குக் குறைந்தபட்ச உயரம் 159 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. வாராவாரம் யாராவது ஒருத்தி போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு முதுகை ஒட்டி நின்று பார்ப்பாளாம். பன்னிரண்டு வயசுக்காரி ஒருத்தி எம்பி நிற்க, "குதிகால கீழ வைடி" என்று எல்லோரும் கத்தினார்கள். எனக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடித்துப்போனது. "பெரிய கனவு காணுங்கள்" என்று போஸ்டர் ஒட்டாமல் அளவை எழுதி வைத்திருக்கிறார்களே.

அப்புறம் கேள்வி டப்பா. பழைய பிஸ்கட் டின், மூடியில் ஓட்டை. பெயர் எழுதாமல் சீட்டைப் போட்டுவிட வேண்டும், அக்கா பிரித்துப் படிப்பார். "மாசாமாசம் வராம ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வருது, நோயா?" வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் அப்படி முன்னே பின்னே இருப்பது சகஜம், ஆனால் நாளாகியும் சரியாகவில்லை என்றாலும், உதிரப்போக்கு மிக அதிகம் என்றாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம், நான் கூட வர்றேன் என்றார். "அண்ணனுக்கு மட்டும் ஏன் முட்டை?" இதற்கு யாரும் சிரிக்கவில்லை. "போன் வச்சிருந்தா கெட்டுப் போயிருவோமா?" "ஒருத்தன் பின்னாடியே வர்றான், வீட்ல சொன்னா படிப்ப நிறுத்திருவாங்க, சொல்லலன்னா பயமா இருக்கு."

இந்தச் சீட்டுக்கு அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "இது யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். எழுதினவங்க திங்கக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, நான் தனியாத்தான் இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். இருபது வயசில் இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பின்னால் வருகிறவனைவிட வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குத்தான் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள். தொல்லை கொடுத்தவன் ஊரில் உலாத்துவான், தொல்லை அனுபவித்தவளுக்குப் பள்ளிக்கூடம் போகும். பெற்றோருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் பொத்தி வைப்பதும் அக்காவால் முடியாது, ஆபத்து என்று பட்டால் போலீஸ் வரை போக வேண்டியிருக்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே பெண்களிடம் சொல்லிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயம் கொஞ்சம் சிரிப்பு. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். இந்தியா முழுக்க 15-19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. ஆனால் மாத்திரையில் பாதி ஜன்னலுக்கு வெளியே செடிக்குப் போகிறது. "குமட்டுது மிஸ்", "கறுப்பாப் போகுது, பயந்துட்டேன்." மலம் கறுப்பாகத்தான் போகும், அதில் ஒன்றும் இல்லை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், டீயோடு போட்டால் சத்து சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். இரண்டு நிமிஷப் பேச்சு. செடிகள் இனிமேல் கொஞ்சம் வாடலாம்.

தாழ்ப்பாள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் லீவு போட்டவர்களுக்கு இதுதான் காரணம். நாப்கின் அரசே தருகிறது, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள் அதை மாற்றுவது எப்படி? பெண்களே மனு எழுதி, அம்மாக்கள் கையில் கொடுத்து கிராம சபையில் வாசிக்க வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. முதல் தடவை தலையாட்டல், இரண்டாவது தடவையும் தலையாட்டல், மூன்றாவது தடவை ஒரு அம்மா "தாழ்ப்பா நாங்க வாங்கித் தர்றோம், ஆணி அடிக்கவாவது ஆள் அனுப்புவீகளா" என்று கேட்டாராம். அடுத்த வாரம் வந்துவிட்டது. நான்கு கதவுக்கும்.

ஞாயிறு, ஜெகதாப்பட்டினம்

கடற்கரைப் பக்கம் வேறு உலகம். இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், அதனால் ஞாயிறு காலையில் படகு வந்துகொண்டிருந்தது, கூட்டம் வைக்க வழியே இல்லை. அக்கா கரைக்கே வந்துவிட்டார், இறால் தரம் பிரிக்கிற கூட்டத்தில் அவருடைய பெண்கள் பாதிப் பேர் இருந்தார்கள்.

ஒருத்தியின் அப்பா எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் அடைத்திருக்கிறார்கள். இந்தக் கரையில் இது செய்தியே இல்லை, அடிக்கடி நடப்பது. அம்மா கருவாட்டு வேலைக்குப் போகிறார், ப்ளஸ் டூ படிக்கிற பெண் தம்பி தங்கைக்குச் சோறாக்கிவிட்டு இரண்டாவது பீரியடுக்குப் போகிறாள். உறவில் ஒரு வரன் வந்திருக்கிறது, செலவு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மில் ஏஜென்ட் ஒருவரும் வந்துபோயிருக்கிறார், ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை செய்தால் மொத்தமாகப் பணம் என்று. கல்யாணச் செலவைக் காட்டிப் பஞ்சாலைக்குப் பெண்களை அழைத்துப்போன அந்தப் பழைய சங்கதி இன்னும் முழுசாகப் போகவில்லை.

அக்கா ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடிகிற வரை, அவள் வங்கிக் கணக்குக்கே வரும். முன்னால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்ததை மாற்றி 2022 செப்டம்பர் 5 அன்று இதைத் தொடங்கினார்கள். தாலிக்குத் தங்கம் என்று போன பணம் புத்தகத்துக்கு வருகிறது என்ற அளவில் எனக்கு இதில் மகிழ்ச்சி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்தார். ஆனால் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கும் என்பதையும் அவரே கேட்டுவிட்டார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, "அவ கையிலயே இருக்கட்டும், ஆனா ஐநூறு எனக்குத் தரணும்" என்றார். பெண் உடனே "முந்நூறு" என்றாள். பேரம் நானூறில் முடிந்தது, வரன் பேச்சு பரீட்சை முடிகிற வரை இல்லை என்பதும் அதோடு சேர்ந்து முடிந்தது. பரீட்சைக்கு அப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அக்கா நோட்டில் மட்டும் ஏப்ரல் என்று எழுதிச் சுழித்துக்கொண்டார்.

திங்கள், திருச்சி பஸ்ஸில்

கீரனூர் பக்கத்துக் கேள்வி டப்பாவில் "ஒருத்தன் பின்னாடியே வர்றான்" என்று வந்த சீட்டுக்கு இன்று சாயங்காலம் யாராவது வருவார்களா என்று தோழியிடம் கேட்டேன். வந்தாலும் உனக்குச் சொல்லமாட்டேன் என்றாள்.

படிப்பவர்களில் நர்ஸ், போலீஸ், பேங்க் வேலை, லேப் டெக்னீஷியன் என்று ஏதாவது வேலையில் இருக்கும் பெண்கள், உங்கள் பக்கத்தில் இப்படிப் பெண்கள் குழு இருந்தால் ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். சாதித்த கதை வேண்டாம், முதல் சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, நைட் ஷிப்ட் முடிந்து எப்படி வீட்டுக்குப் போவீர்கள், இதைத்தான் கேட்பார்கள். பரிசுப் பை, போட்டோ, பேனர் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். பேச்சு அரை மணிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் சுவரில் உயரம் பார்க்கப் போய்விடுவார்கள்.